ஆறடித் தொட்டியின் தண்ணீர்

ஊரில் பாதி ஜன்னல்கள் கண்ணாடிக்காரரின் கை பட்டவை. ஆனால் சொந்த வீட்டுக் குளியலறைக் கண்ணாடியில் விழுந்த கீறல் எட்டு வருடமாக அப்படியேதான் இருந்தது. மனைவி கேட்டால், "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்பார். அப்படிப்பட்ட மனுஷன் பேஸ்மென்ட்டில் இருந்த மீன்தொட்டி விஷயத்தில் மட்டும் ஒரு ஞாயிறுகூடத் தவறியது கிடையாது.

அவரே கண்ணாடி வெட்டி, பேஸ்மென்ட்டிலேயே வைத்து ஒட்டிய தொட்டி அது. ஆறடி நீளம். ஒட்டி முடித்த பிறகுதான் படிக்கட்டுத் திருப்பத்தில் அது திரும்பாது என்பது உறைத்தது. ஊருக்கெல்லாம் அளவெடுக்கிறவர் தன் வீட்டுப் படியை அளக்க மறந்துவிட்டார். "இனிமே இது வெளிய வரணும்னா உடைச்சுத்தான் வரணும்" என்று மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். தொட்டிக்கு அவள் வைத்த பெயர் சக்களத்தி. ஞாயிற்றுக்கிழமை யாராவது வந்து அவரைக் கேட்டால், "சக்களத்தி வீட்டுல இருக்காரு, கீழ போய்ப் பாருங்க" என்பாள்.

வேலையும் லேசான வேலையல்ல. வாரம் ஒருமுறை நாலில் ஒரு பங்கு தண்ணீரை எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விடவேண்டும். விடுவது சுலபம், குழாயில் டியூபை மாட்டித் திறந்தால் ஆயிற்று. எடுப்பதில்தான் வம்பு. பேஸ்மென்ட் தரையில் தண்ணீர் போக வழியில்லை. பத்துப் பன்னிரண்டு வாளியைப் பதினான்கு படி ஏற்றிக் கொல்லையில் கொட்டவேண்டும். ஒருமுறை மோட்டார் வாங்கிப் போட்டுப் பார்த்தார். அது ஒரு மீன்குஞ்சை இழுத்து முழுங்கிவிட்டது. அன்றைக்கே மோட்டாரை யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டு, "எனக்குக் கை இருக்கு" என்று ஒற்றைக் காலில் நின்றார்.

கை இருந்தது, வயிறுதான் கைவிட்டது. குடலிறக்கம் என்றார்கள், ஆபரேஷன் ஆயிற்று. மூன்று வாரம் படி இறங்கக்கூடாது, வாளி தூக்குவதை இனி மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

கட்டிலில் படுத்துக்கொண்டு அவர் கீழே இருக்கும் பதினேழு மீன்களையே நினைத்துக்கொண்டிருந்தார். அத்தனை மீன் உள்ள தொட்டியில் மூன்று வாரம் தண்ணீர் மாற்றாவிட்டால் என்ன ஆகும் என்பது அவருக்கா தெரியாது?

"மீனெல்லாம் இருக்கா?"

"இருக்கு, இருக்கு. பேசாம படுங்க."

முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போனாள். சரி, செத்ததை மறைக்கிறாள் என்று அவரே முடிவு கட்டிக்கொண்டார். மறுபடி கேட்கத் துணிச்சல் வரவில்லை. மூன்றாவது வாரம் மனதைக் கல்லாக்கிக்கொண்டு மீன்தொட்டிக் கடைத் தம்பிக்குப் போன் போட்டார். தம்பி என்றால் ஐம்பது வயதுத் தம்பி. ஞாயிற்றுக்கிழமை பையோடு வந்து மிச்சம் இருப்பதை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். அப்படியே தொட்டியை உடைக்க ஒரு சுத்தியலும் கொண்டுவரச் சொன்னார்.

மூன்று வாரம் முடிந்த அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பி வெறுங்கையோடு வந்து நின்றார்.

"பை எங்கப்பா?"

"முதல்ல கீழ போய்ப் பாப்போம்ணே."

தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். பின்னால் மனைவி சுவரைப் பிடித்தபடி மெதுவாக வந்தாள். கடைசிப் படியில் அவர் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது, தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று சந்தேகம் வரும்படி அவ்வளவு தெளிவாக இருந்தது. மீன்களை எண்ணினார். நம்பாமல் மறுபடி எண்ணினார். பதினேழு.

"யாரு தண்ணி மாத்துனது?"

"அண்ணிதான்" என்றார் தம்பி. "எனக்குப் போன் போட்டு எல்லாம் கேட்டுக்கிட்டாங்க. தண்ணிய முழுசா எடுத்துட்டு நல்லாத் தேச்சுக் கழுவிடவான்னாங்க. ஐயோ அண்ணி, அது சோத்துப் பானை இல்ல, கழுவினீங்கன்னா மீன் போய்ச் சேந்துடும்னு பதறிட்டேன்."

கண்ணாடிக்காரர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "வாளியிலயா?"

"முதல் ரெண்டு வாரம் வாளிதான். நீங்க மாத்திரை போட்டுத் தூங்குற நேரமாப் பாத்து. டியூப வாயால இழுக்கத் தெரியாம ஒரு வாய் குடிச்சுவேற தொலைச்சேன். மூணாவது வாரம் முதல் வாளியோடயே கீழ்ப் படியில உக்காந்துட்டேன், முடியல. எதிர்ல இந்த வாஷிங் மெஷின். துவைச்ச தண்ணிய இது மட்டும் எப்படி மேல ஏத்துதுன்னு பாத்தேன்."

சொல்லிவிட்டு டியூபின் ஒரு முனையில் பழைய துணியைக் கட்டித் தொட்டிக்குள் போட்டாள். மறுமுனையை வாயால் ஒரு இழுப்பு இழுத்து வாஷிங் மெஷினுக்குள் விட்டாள். மெஷின் நிறைந்ததும் பட்டனை அழுத்தினாள். அது ஒரு முக்கு முக்கி, தண்ணீரைக் கூரையை ஒட்டிப் போகும் கழிவுக் குழாய்க்கு ஏற்றியது. இரண்டு நடையில் வேலை முடிந்தது. துணி கட்டியிருந்ததால் ஒரு குஞ்சுக்கும் சேதமில்லை. பதினாறு வருடமாக அந்த மெஷின்மேல் டீ டம்ளரை வைத்துக்கொண்டு வாளி தூக்கியவர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

அப்போதுதான் அவளுடைய முழங்காலைக் கவனித்தார். கட்டுப் போட்டிருந்தும் வீங்கித் தெரிந்தது.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீங்க படுத்திருப்பீங்களா? வந்து வாளியப் பிடுங்கியிருப்பீங்க."

நன்றி என்ற வார்த்தையைக் கண்ணாடிக்காரர் கடைப் பலகையில்தான் எழுதி வைத்திருந்தார். வீட்டில் ஒருநாளும் சொன்னதில்லை. இப்போது படியில் உட்கார்ந்து, அவள் காலைத் தன் மடிமேல் எடுத்து வைத்துக்கொண்டார். தம்பி நாசூக்காகத் திரும்பி மீன்களை வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்.

"ரொம்ப நன்றிம்மா. நீ நல்லா இருக்கணும்" என்று எப்படியோ சொல்லி முடித்தார். அதற்குள் தோள் குலுங்க ஆரம்பித்துவிட்டது.

"சரி, சரி, அழாதீங்க" என்றாள் அவள். "தையல் போட்ட இடம் இழுக்கும்."