பாரிட் புந்தார் வரைக்கும் குளிர்

என் காரின் ஏர்கானைப் போல ஒரு நடிகையை நான் பார்த்ததில்லை. நெடுஞ்சாலையில் என்னை வேகவைத்துவிட்டு, பட்டறை வாசலில் நின்றதும் ஜில்லென்று ஊதும். ஈப்போவில் மூன்று பட்டறைகளுக்குக் கொண்டுபோனேன். ஒருவர் கேஸ் அடித்துக் கொடுத்தார். இன்னொருவர் கம்ப்ரசர் மேல் சந்தேகப்பட்டார். மூன்றாமவர் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே இருக்கு, வெளிய வெயில் ஜாஸ்தி லா" என்றார். வெயில் இல்லாத ஈப்போவை நான் எங்கே போய்த் தேடுவது? சாவியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

சொகுசுக்காக நான் இப்படி அலையவில்லை. வீட்டில் கேக் செய்து விற்பவள் நான். பட்டர் கிரீம் பூசிய கேக்குக்கு நம் ஊர்ச் சூடு எமன். அந்த வருஷத் தொடக்கத்தில், பாரிட் புந்தாருக்குப் பக்கத்தில் ஒரு பழைய ரப்பர் எஸ்டேட்டுக்குக் கல்யாண கேக் கொண்டுபோனேன். ரப்பரை வெட்டிவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை நட்டு, தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் பாதி காலியாகிவிட்டாலும், அங்கே பிறந்தவர்கள் இன்னும் எஸ்டேட் கோயில் மண்டபத்தில்தான் கல்யாணம் வைக்கிறார்கள். அன்றைக்கு வழியில் தைப்பிங் ஊரைத் தாண்டுவதற்குள் காருக்குள் சூடாகிவிட்டது. போய்ச் சேர்ந்தபோது மேல் அடுக்கு சரிந்து, ரோஜாப் பூக்கள் எல்லாம் ஒரு பக்கமாக வழிந்திருந்தன. பெண்ணின் அம்மா பார்த்தார். திட்டவில்லை. சரிந்த பக்கத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்து, "படம் எடுக்க இது போதும்" என்றார். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

சில மாதங்கள் கழித்து அதே அம்மா மறுபடியும் போன் செய்தார். சின்னவளுக்குக் கல்யாணமாம், அதே மண்டபமாம், கேக் நான்தான் செய்ய வேண்டுமாம். சரி என்று சொல்லிப் போனை வைத்த பிறகுதான் காரின் நினைவு வந்தது. வீட்டில் வேறு கார் இல்லை. முன்பின் தெரியாத ஓட்டுநரை நம்பிக் கேக்கை ஏற்றவும் மனம் வரவில்லை. இரண்டாவது தடவையும் அந்தக் குடும்பத்துக்குச் சரிந்த கேக்கைக் கொண்டுபோனால், அதன் பிறகு மாவைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

ஈப்போவிலேயே புந்தோங்கில் ஒரு கணவனும் மனைவியும் நடத்தும் பட்டறையைப் பற்றித் தோழி ஒருத்தி சொன்னாள். கார் ஏர்கான் மட்டும்தான் பார்ப்பார்கள். பொனட்டுக்குள் குனிபவர் கணவர். கோளாறைக் கண்டுபிடிப்பவர் மனைவி. அந்த அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். நெற்றியில் பெரிய பொட்டு, காலில் ஆம்பளை பூட்ஸ். என் காரைத் திறக்கக்கூட இல்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து என்னைக் கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டார்.

"சூடாகுறப்ப காத்து அதே வேகத்துல சூடா வருதா, இல்ல காத்தே கொறைஞ்சு போகுதா?"

"சூடு சூடுதானே அக்கா. இதுல என்ன வித்தியாசம்?"

"ரெண்டும் வேற வேற நோய் தங்கச்சி. நல்லா நெனச்சுப் பாத்துச் சொல்லுங்க."

எனக்கு நினைவில்லை. பின்னால் கேக் சரிகிறதா என்று பார்ப்பேனா, காற்று எந்த வேகத்தில் வருகிறது என்று பார்ப்பேனா? இதைக் கொஞ்சம் கடுகடுப்பாகவே கேட்டேன். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "அப்ப நாளைக்கு ஒரு கேக் செஞ்சு எடுத்துக்கிட்டு வாங்க. நானும் கூட வாரேன், ரோட்டுல ஓட்டிப் பாத்துரலாம்" என்றார்.

மறுநாள் சின்னதாக ஒரு கேக் செய்து, வழக்கம்போல் பின்பக்கம் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனேன். பட்டர் கிரீமின் சூட்டைப் பார்க்க நான் வைத்திருக்கும் வெப்பமானியையும் கையில் எடுத்துக்கொண்டேன். அக்காவுக்கு அதைப் பார்த்ததும் ஒரே சந்தோஷம். வாங்கி ஏர்கான் துவாரத்தில் செருகிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். "நான் இல்லன்னு நெனச்சுக்குங்க. கேக் இருந்தா எப்படி ஓட்டுவீங்களோ அப்படியே ஓட்டுங்க."

குளிரைக் கடைசி வரை திருகினேன். காற்று பலமாக அடித்தால் பூக்கள் ஆடும் என்பதால், வேகத்தை வழக்கம்போல் ஒன்றில் வைத்தேன். அக்கா என் விரலைப் பார்த்தார். சுரங்கப்பாதை போனது, கோலா கங்சார் போனது. தைப்பிங் பக்கத்து மலை தெரியும் நேரத்தில் அவர் துவாரத்தின் முன்னால் புறங்கையை நீட்டினார்.

"காத்து செத்துப் போச்சு. உள்ள மோட்டார் சத்தம் கேக்குதா? அது ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. முன்னால போய் ஓரமா நிப்பாட்டுங்க."

ஓய்விடத்தில் நிறுத்தினேன். அக்கா முன் இருக்கைக்கு எதிரே உள்ள பெட்டியைக் கழற்றி, உள்ளே இருந்த வடிகட்டியை உருவி எடுத்து, டார்ச் அடித்து, என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். காற்றைக் குளிர வைக்கும் 'கூலிங் காயில்' சுருள் முழுக்க வெள்ளை வெளேரென்று ஐஸ். நான் வியர்வையில் நனைந்து நிற்கிறேன், என் காருக்குள் ஐஸ் பாளம் கட்டியிருக்கிறது!

"குளிர் பத்தலன்னு ஊரெல்லாம் சுத்துனீங்க. குளிர் கூடிப் போச்சு தங்கச்சி" என்று சொல்லி அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் நின்ற லாரிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அந்தச் சுருள் பக்கத்தில் ஒரு சின்ன சென்சார் இருக்கிறதாம். போதுமான குளிர் வந்ததும் கம்ப்ரசரை நிறுத்தச் சொல்வது அதன் வேலை. என் காரில் அது வாயைத் திறப்பதில்லை. காற்று வேகமாக ஓடினால் எப்படியோ சமாளித்துவிடும். நான் கேக்குக்குப் பயந்து ஒன்றில் வைப்பதால் சுருள் மெல்ல மெல்ல உறைந்து, காற்றுப் போக வழியே இல்லாமல் அடைத்துக்கொள்ளும். பட்டறைக்குப் போய்ச் சேர்வதற்குள் ஐஸ் உருகிவிடும். அங்கே எல்லோரும் காற்றை நாலில் வைத்துத்தான் சோதிப்பார்கள். என் நடிகையின் வேஷம் ஒரே நாளில் கலைந்தது.

அந்த அக்கா ஒரு ஸ்குருவைக் கழற்றுவதற்கு முன் என் விரலைப் பார்த்தார். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியமாக இருக்கிறது. மூன்று பட்டறைக்காரர்களும் என் காரைப் பார்த்தார்கள். நான் அதை எப்படி ஓட்டுகிறேன் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

சென்சாரைக் கணவர் மாற்றிக் கொடுத்தார். நான் சாவியை வாங்கக் கை நீட்டினேன். அக்கா கொடுக்கவில்லை. "சரி பண்ணிட்டோம்னு நாங்க சொன்னா ஆச்சா? அதே ரோட்டுல, அதே ஒண்ணுல வச்சு ஓட்டணும்" என்று மறுபடியும் ஏறி உட்கார்ந்துகொண்டார். வாசலில் இரண்டு கார்கள் காத்திருந்தன. கணவர் தலையில் அடித்துக்கொண்டார். இந்தத் தடவை தைப்பிங் போய்த் திரும்பும்வரை காற்று குறையவே இல்லை. வெப்பமானி முள் சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டு ஒரே இடத்தில் நின்றது. அக்கா சோதனைக் கேக்கைப் பட்டறையிலேயே வெட்டி எல்லோருக்கும் கொடுத்தார். எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது, கட்டிப்பிடித்தேன். என் சட்டையெல்லாம் எண்ணெய்க் கறையானது.

கல்யாணத்தன்று விடியும்போதே கேக்கை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். வழி முழுக்க என் புறங்கை துவாரத்தின் முன்னால்தான் இருந்தது. நெல்வயல்கள் வந்தன, செம்பனை வந்தது, கோயில் தெரிந்தது. மண்டபத்தின் பின்கதவுப் பக்கம் நிறுத்தி, பெட்டியைத் திறந்தேன். இரண்டு அடுக்கும் நேராக நின்றன. ஒரு இதழ்கூட அசைந்திருக்கவில்லை.

பெண்ணின் அம்மா பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். அப்படியே கார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். அப்போதுதான் கவனித்தேன், அன்று காலை முழுவதும் அவரிடமிருந்து எனக்கு ஒரு போன்கூட வரவில்லை.

"என்னக்கா, எங்க வந்துட்டேன்னு ஒரு வார்த்தை கேக்கல? பயமா இல்லையா?"

"பயம்தான் தங்கச்சி. காலையிலேர்ந்து சாப்பாடு எறங்கல. போன் அடிச்சா நீ பதறிப் போவேன்னு விட்டுட்டேன்."

மனதில் கிடந்ததையும் கேட்டுவிட்டேன். "எதுக்கும் இருக்கட்டும்னு வேற கேக் ஏதாச்சும் சொல்லி வச்சிருக்கீங்களா?"

"வீட்டுல எல்லாரும் சொல்லச் சொன்னாங்க. நான்தான் வேணாம்னுட்டேன். அது எப்படியும் உன் காதுக்கு வந்துரும். கேக் செய்யுறப்ப உன் கை நடுங்கும்ல?"

என் கை அப்போதுதான் நடுங்கியது. கேக்கை மேசை வரைக்கும் அவர்தான் தூக்கிக்கொண்டு போனார்.