வியாகுலம்மாள் படகு ஏறிய நாள்

காசிமேட்டில் வியாகுலம்மாளின் வாய்க்குப் பயப்படாத ஆளே கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து அவள் கூடை சுமந்து விற்ற மீனெல்லாம் புருஷன் கஸ்பாரின் படகில் வந்ததுதான். ஆனால் அந்தப் படகில் அவள் ஒரு நாளும் கால் வைத்ததில்லை. பொம்பளை ஏறினால் மீன் விழாது என்பது குப்பத்து வழக்கம். வலையைச் சிக்கெடுக்கலாம், பாயைத் தைக்கலாம், படகை மந்திரிக்க சர்ச் சாமியாரைக் கூட்டி வரலாம்; ஏறத்தான் கூடாது. ஏன் என்று கேட்டால் ஆம்பளைகளுக்கே தெரியாது.

அறுபத்தேழில், ஈஸ்டருக்கு மறுநாள், யாரும் தொழிலுக்குப் போகவில்லை. ஹார்பரில் கிரேன் ஓட்டும் பக்கத்து வீட்டு சௌக்கத் அலி, மனைவி ஜெரினாவோடு எண்ணூர் வரை பாய்மரத்தில் போய்வர ஆசைப்பட்டான். தோஸ்து கேட்டதும் கஸ்பார் யோசிக்காமல் தலையாட்டிவிட்டான்.

"ஜெரினா ஏறலாம், நான் மட்டும் ஏறக் கூடாதா?" என்று பிடித்துக்கொண்டாள் வியாகுலம்மாள்.

"இன்னிக்கு வலை எடுத்துகினு போகலமே. வலை இல்லாத படகு மீன் படகே இல்ல."

"அப்போ நானும் வர்றேன்."

சொந்த வாயாலேயே மாட்டிக்கொண்ட கஸ்பார் படகில் அவளுக்கும் இடம் ஒதுக்கினான்.

தெற்குக் காற்று படகைத் தள்ளிக்கொண்டு போனது. திருவொற்றியூர் கோபுரமும் ஆலைப் புகைபோக்கிகளும் பக்கம் பக்கமாக நகர்ந்தன. ஜெரினா குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தாள். வியாகுலம்மாளோ கண்ணெடுக்காமல் கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை அழகை இந்த மனுஷன் தினமும் தனியாக அனுபவித்திருக்கிறானே என்று அவளுக்குப் பொறாமையாகவே இருந்தது.

எண்ணூர் மணலில் பிரியாணி சாப்பிட்டதும், இனி படகே வேண்டாம் என்று ஜெரினா புருஷனை இழுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

"நீயும் பஸ்ல போமே. எதிர்க்காத்து, நேரமாவும்" என்றான் கஸ்பார்.

"ஆவட்டும். அதுக்குத்தானே வந்தேன்."

காற்றுக்கு எதிரே போவதென்றால் நேரே ஓட முடியாது; கடல் பக்கமும் கரைப் பக்கமுமாகத் திருப்பித் திருப்பி ஓட்ட வேண்டும். அப்படி ஒரு திருப்பத்தில்தான், படகின் பின்னால் கட்டியிருந்த ஒரு கயிறு விண்ணென்று இழுத்தது. வலையைக் கரையில் விட்ட கஸ்பாருக்குக் கை சும்மா இருக்கவில்லை. யாருக்கும் தெரியாமல் தூண்டில் விட்டிருந்தான்.

இப்போது மீன் மாட்டிவிட்டது. படகில் பொம்பளை. இழுத்தால் இத்தனை வருஷம் அடித்த பேச்செல்லாம் பொய்யாகும். அறுத்துவிடலாம் என்றால், மாட்டிய மீனை எந்தக் கடல்காரன் அறுப்பான்? திருட்டு முழியோடு அவளைப் பார்த்தான்.

"இன்னாயா பாத்துகினு கீற? இழு!"

"சுக்கானை விட முடியாதுமே."

அவளே இழுத்தாள். கயிறு உள்ளங்கையை அறுத்தது. கூடை தூக்கிய தோள் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் படகுக்குள் வந்து துள்ளியது, அவள் இடுப்பு உயரத்துக்கு ஒரு வஞ்சிரம்.

காசிமேட்டுக் கரையில் சீட்டாடிக்கொண்டிருந்த ஆம்பளைகள் எழுந்து ஓடி வந்தார்கள். "இன்னா நைனா, லீவு நாள்ல வஞ்சிரமா! நீயா இழுத்தே?" என்று கேட்டான் துரை.

வியாகுலம்மாள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். ஊருக்கு முன்னால் ஆமாம் என்று இவன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அவள் இனி ஆயுசுக்கும் கரையில்தான்.

கஸ்பார் பாயைச் சுருட்டிக்கொண்டே, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்: "நான் எங்க இழுத்தேன்? எங்க வூட்டுக்காரி இழுத்தா."

காசிமேட்டையே வாயால் அடக்கியவளுக்கு அன்று ஒரு வார்த்தை வரவில்லை. சந்தோஷத்தில் அழுகைதான் வந்தது.