நாலு மணி நேரம் தாங்கும் செல்

“இருபத்தெட்டு கிராம்!” சமையலறைத் தராசில் விரல் பருமன் பேட்டரி செல் ஒன்றை வைத்துவிட்டு லிஃப்ட்காரர் இரைந்தார். “நல்ல செல்லுன்னா நாப்பத்தஞ்சாவது இருக்க வேணாம்? உள்ள என்னத்தடா வச்சீங்க, பஞ்சா?” பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி தட்டோடு கூடத்துக்கு நகர்ந்தாள். அங்கேயே நின்றால் பேச்சு தன் பக்கம் திரும்பும் என்று அவளுக்குத் தெரியும்.

லிஃப்ட் பழுதுபார்ப்பது அவர் தொழில், கோபப்படுவது உபதொழில். தேய்ந்த கம்பிவடத்தை ‘இன்னும் ஆறு மாசம் ஓடும்’ என்கிற கட்டட முதலாளிமீது கோபம். எட்டுப் பேர் பெட்டியில் பன்னிரண்டு பேராக ஏறிவிட்டுச் சிரிக்கிறவர்கள்மீது கோபம். கதவிடுக்கில் செருப்பை வைத்து நிறுத்துகிறவர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவருடைய டீ ஆறிவிடும்.

இந்தக் கோபம் அக்காவுக்காக. வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம், ரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தோடு அவளைக் கட்டிப்போட்ட மாதிரிப் படுக்க வைக்கிறார்கள். “போதும்டா. இனிமே நான் வரல” என்று போன மாதம் சொல்லிவிட்டாள். அன்று இரவே இவர், சின்ன வயதில் இருவரும் டிவியில் செருகி ஆடிய கேம் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கிப் பிரித்தார். ஒரு சாப்பாட்டு டப்பாவுக்குள் சின்னத் திரையோடு அடக்கினார். ஊசி குத்திய கை அசையக்கூடாது என்பதால் பொத்தான் அத்தனையும் ஒரே பக்கம். வார்டில் சுவர் பிளக்கைத் தொட விடமாட்டார்கள் என்பதால் செல்.

கடையில் வாங்கிய செல்லின் உறையில் மின்கொள்ளளவு ‘9900’ என்று கொட்டை எழுத்து. அதை நம்பி, “நாலு மணி நேரம் தாங்கும்கா, நான் கேரண்டி” என்று அளந்துவிட்டார். நாற்பதாவது நிமிடம் திரை அணைந்தது. அக்கா டப்பாவை அவர் மடியில் வைத்துவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினாள். “இதுக்கே என்னோட இருக்க முடியல, பாத்தியா.”

தராசில் நிறுத்த கையோடு கடைக்குப் போனார்.

“அந்த நம்பரை யாரு சார் பாக்குறா? எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க” என்றார் கடைக்காரர்.

“நான் பாத்தேன்யா! பாத்துட்டு ஒரு மனுஷிகிட்ட வாக்குக் குடுத்தேன்யா!”

தெருவில் நடக்கும்போது கோபம் தன்மேலேயே திரும்பியது. கம்பிவடத்தை அளக்காமல் ஒரு நாளும் மாட்டியதில்லை. அக்கா விஷயத்தில் மட்டும் அச்சடித்ததை நம்பித் தொலைத்திருக்கிறார்.

வீட்டில் பொய் சொல்லாத செல் இருந்தது ஒரே இடத்தில், அவருடைய கை டிரில்லுக்குள். அதைப் பிளந்தார். ஐந்து செல்லையும் நிறுத்தார், டப்பாவில் பொருத்தினார், கேமை ஓடவிட்டுக் கடிகாரத்தோடு உட்கார்ந்தார். ஐந்தரை மணி நேரம் தாங்கியது. மறுநாள் வேலையிடத்தில் எல்லாத் திருகாணியையும் கையாலேயே முடுக்கினார். “டிரில் எங்கண்ணே?” என்று கேட்ட கூட்டாளியை, “ரிப்பேர். உனக்கென்ன?” என்று முறைத்தார்.

அடுத்த முறை அக்காவிடம் மணிக்கணக்கு எதுவும் சொல்லவில்லை. டப்பாவை நீட்டினார், அவ்வளவுதான். அவளும் வேண்டாவெறுப்பாக வாங்கினாள்.

நேரம் முடிந்து நர்ஸ் வந்தார். ஊசியை உருவி, பஞ்சை வைத்து, “இன்னொரு கையால அழுத்திப் பிடிங்கம்மா” என்றார்.

“அந்தக் கை சும்மா இல்ல. டேய், நீ வந்து அழுத்து” என்றாள் அக்கா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

லிஃப்ட்காரர் திருகாணி முடுக்கிக் கொப்பளித்திருந்த கட்டைவிரலால் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.