முந்நூறு அடியில் நிறுத்திய வண்டி

போர் வண்டியில் ஏழு வருஷம் வேலை செய்தேன். பூமியில் துளை போட்டுத் தண்ணீர் தேடும் லாரி அது. ராடு இறக்குவதும் லீவர் பிடிப்பதும் என் வேலை. அதற்கு முன்னால் எனக்கும் மூன்று ஏக்கர் விவசாயக் காடு இருந்தது. அதில் தண்ணீருக்கு மூன்று குழி போட்டேன். மூன்றிலும் புழுதிதான். காட்டை விற்றுக் கடனைக் கட்டினேன். மூன்றாவது குழி போட்ட வண்டியிலேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டேன்.

முதலாளிக்கு அடிக்கு இவ்வளவு என்று கணக்கு. தண்ணீர் வந்தாலும் அதே காசு, வராவிட்டாலும் அதே காசு. முந்நூறு அடி தாண்டினால் ரேட் ஏறும். எங்களுக்கு அவர் சொன்னது ஒன்றுதான்.

"போடுன்னா போடு, நிறுத்துன்னா நிறுத்து. வாயைத் தொறக்காத."

வாயைத் திறந்தாலும் கேட்காது. கம்ப்ரசர் சத்தம் அப்படி. அதனால் எல்லாம் விரல்தான். காட்டுக்காரர் ஒரு விரல் நீட்டினால் இன்னும் ஒரு ராடு. இருபது அடி. விரல் நீட்டுவது லேசு. நானும் என் காட்டில் அப்படித்தான் நீட்டினேன்.

தொண்ணூற்றைந்தோ தொண்ணூற்றாறோ, வெள்ளகோவிலுக்குத் தெற்கே ஒரு காட்டுக்குப் போனோம். புருஷனும் பெண்டாட்டியும் இருந்தார்கள். கரண்டுக்கு எழுதிப் போட்டுப் பல வருஷம் காத்திருந்து, அப்போதுதான் சர்க்கார் கம்பம் நட்டிருந்தது. கம்பம் வந்த பிறகு சும்மா இருக்க முடியுமா? மாட்டையும் ஆட்டையும் விற்றுவிட்டார்கள். பாதிப் பணம் குழிக்கு. பாதி மோட்டாருக்கு. மோட்டார்ப் பணத்தை அந்த அம்மாள் தனியாக மஞ்சள் பையில் வைத்திருந்தார்.

தேங்காயைக் கையில் வைத்துத் தண்ணீர் பார்ப்பவர், இருநூற்றைம்பது அடியில் ஊற்று என்று சொல்லியிருந்தார். போகும்போது தேங்காயையும் கொண்டுபோய்விட்டாராம்.

இருநூற்றைம்பதில் வெள்ளைப் புழுதி வந்தது. முந்நூறிலும் அதுதான். குழிக்கு வைத்த பணம் அத்தோடு சரி. புருஷன் ஒரு விரல் நீட்டினார். அந்த அம்மாள் பையை இறுக்கிப் பிடித்தார்.

நான் கம்ப்ரசரை நிறுத்தினேன்.

"பிட்டு சூடாயிருச்சுங்க. கொஞ்சம் ஆறட்டும்."

பிட்டு என்பது பாறையைக் குடையும் முனை. அது சூடாகவில்லை. சத்தம் நின்றால்தான் மனிதர்கள் பேசிக்கொள்வார்கள் என்று நிறுத்தினேன்.

"ஏனுங்க, விரல நீட்டறீங்களே, அது எந்தப் பணம்?" என்றார் அந்த அம்மாள்.

"இருக்கற பணந்தான்."

"அது மோட்டாருக்குங்க."

"தண்ணியே இல்லாம மோட்டார வெச்சுப் பூசையா பண்றது?"

"தண்ணி வந்து மோட்டாரு இல்லீனா? முந்நூறு அடிக்குக் கயிறு உட்டு எறைப்பீங்களா?"

என்னோடு ராடு மாட்டுகிறவர் சிரித்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

"இத்தன போட்டாச்சே புள்ள. அது வீணாப் போறதா?"

"அது போயிருச்சுங்க. போனதத் தேடிக்கிட்டு இருக்கறதையும் அதே குழியில உடறதா?"

புருஷன் என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கண்ணா. இன்னொரு ராடு போட்டா வருமுங்களா?"

வரும் என்றால் முதலாளிக்கு நல்லது. வராது என்று சொல்ல நான் யார்? பூமிக்குள்ளே போய்ப் பார்த்தவர் யாருமில்லை.

"தெரியாதுங்க. என் காட்டுல மூணு குழி போட்டேன். அடுத்த ராடுல வரும்னுதான் ஒவ்வொண்ணும் போட்டேன். இப்ப உங்க காட்டுல லீவர் புடிக்கறேன்."

அவர் வரப்பில் உட்கார்ந்தார். துண்டால் முகத்துப் புழுதியைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"நிறுத்திப்போடுங்க."

அந்த அம்மாள் அழவில்லை. மேல்மண் சரியாமலிருக்க நாற்பதடிக்கு இரும்புக் குழாய் இறக்கியிருந்தோம். "அத உருவிக் குடுப்பீங்களா?" என்று கேட்டார். அதற்குத் தனிக் காசு உண்டு. நான் வாங்கவில்லை. குழியைக் கல்லும் மண்ணும் கொட்டி மூடிவிட்டுக் கிளம்பினோம். முதலாளி அந்தக் காசை என் வாரக் கூலியில் பிடித்துக்கொண்டார். அது நியாயந்தான்.

அடுத்த மாசம் பக்கத்துக் காட்டில் வேறு வண்டி போட்டது. முந்நூற்று நாற்பதில் தண்ணீர். நாங்கள் நிறுத்திய இடத்திலிருந்து இரண்டே ராடு.

ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கும். அந்த வழியாகப் போனபோது வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். திட்டு வாங்கத்தான் இறங்கினேன். காடு காய்ந்து கிடந்தது. ஓரத்தில் தகரக் கொட்டகை, உள்ளே தறிச் சத்தம். மோட்டார்ப் பணத்தில் பழைய விசைத்தறி இரண்டு வாங்கிப் போட்டிருந்தார்கள். கம்பம் பக்கத்திலேயே இருந்ததால் தறிக்கும் லைன் சீக்கிரம் கிடைத்ததாம். அந்த அம்மாள் வெளியே வந்தார், தலையெல்லாம் பஞ்சு.

"பக்கத்துக் காட்டுல வந்துருச்சாமுங்களே. எம்மேல கோவமில்லீங்களா?" என்றேன்.

"எனக்கில்லீங். உங்க தம்பி, எங்கூட்டுக்காரருதான், நூல் வராம தறி நிக்கறப்பெல்லாம் உங்களத் திட்டுவாரு. ஓட ஆரம்பிச்சா மறந்துருவாரு."

கொட்டகையின் நடுத்தூண்கள் நான் உருவிக் கொடுத்த குழாய்கள். துரு ஏறாமல் சிவப்புப் பெயிண்ட் அடித்திருந்தார்கள்.

தறி நின்றது. உள்ளேயிருந்து காட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். கையிலிருந்த பஞ்சைத் துண்டில் துடைத்தார். பிறகு கேட்டார்.

"ஏனுங்கண்ணா, பிட்டு ஆறிருச்சுங்களா?"

"ஆறிருச்சுங்க" என்றேன்.

"அப்ப உக்காருங்க. காப்பி குடிச்சுட்டுப் போலாம்."