அக்காவின் மேல்வாயும் அரைமணியும்

ஊரார் வாயைப் பையில் போட்டுக்கொண்டு பறப்பதுதான் அரைமணியின் உத்தியோகம். பல் டாக்டர் ஒரு பொடியைத் தண்ணீரில் குழைத்து, தட்டில் வைத்து, வாய்க்குள் அமுக்குவார். இரண்டு நிமிடத்தில் அது ரப்பர்போல இறுகி, பல்லும் ஈறும் பதிந்த அச்சாக வெளியே வரும். அதை ஈரத்துணியில் சுற்றிப் பல் கட்டும் கூடத்தில் சேர்ப்பது இவர் வேலை. அரைமணிக்குள் அதில் பிளாஸ்டர் ஊற்றியாக வேண்டும். இல்லையென்றால் அச்சு காய்ந்து சுருங்கிவிடும். பத்தொன்பது வருடம் இந்தக் கெடுவிலேயே ஓடியதில் அப்பா வைத்த பெயர் எங்கோ விழுந்துவிட்டது. சாப்பிட உட்கார்ந்தாலும் கால் ஆடும். தூக்கத்தில் கியர் மாற்றுகிறார் என்று மனைவி புகார்.

அந்தப் பொடி எதிலிருந்து வருகிறது என்று மட்டும் இவரிடம் கேட்கக் கூடாது. "கடல்ல பழுப்பா ஒரு பாசி இருக்கு பாருங்க, அதோட சத்து. ஐஸ்கிரீமை வழுவழுன்னு வச்சிருக்கிறது யாரு? அதுதான். துணியில சாயம் ஓடாம நிக்க வைக்கிறது? அதுதான். நீர் கசியிற புண்ணுக்குக் கட்டுறதும் அதேதான்" என்று, கடலில் இறங்கித் தானே அறுத்து வந்ததுபோல அடுக்குவார். அதையும் வண்டியை உதைத்துக்கொண்டேதான்.

இவருடைய அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து, மேல்வரிசையில் முன்பல் நான்கை இழந்தார். வேறு வேலையாக இருந்தால் வாயைப் பொத்திக்கொண்டு ஓட்டிவிடலாம். அக்கா பேருந்து நிலைய அறிவிப்பாளர். ஒலிபெருக்கியில் இப்போது 'பேருந்து' என்ற சொல் வருவதற்கு முன்பே பல் இடுக்கில் காற்று வந்தது. ஈறு ஆறும்வரை பொறுத்த மேலாளர், திங்கட்கிழமை கெடு வைத்தார். அதற்குள் பல் வராவிட்டால் பதிவு செய்த குரல் ஓடும். அக்காவுக்கு இனித் தொலைந்த பொருள் அறையில்தான் வேலை.

சனிக்கிழமை பன்னிரண்டேகாலுக்கு அச்சு எடுத்தார்கள். டாக்டர் ஒரு மணிக்குக் கிளம்பிவிடுவார்.

"டேய், பத்திரம்டா" என்றார் அக்கா.

அந்த ஒரு சொல் போதும். ஊரான் வாய்க்கு ஈரத்துணி போதும்; உடன்பிறந்தவள் வாய்க்குப் போதுமா? அரைமணி டிபன் டப்பா நிறையத் தண்ணீர் பிடித்து, அச்சை அதில் முழுசாக அமுக்கி மூடினார். எட்டு நிமிடத்தில் கூடத்தில் இருந்தார்.

பல் கட்டுபவர் டப்பாவைத் திறந்தார். தலையில் கை வைத்தார்.

"என்னய்யா இது? ஊறப்போட்டிருக்கே?"

"காயக்கூடாதுன்னுதான் அண்ணே..."

"காயக்கூடாதுன்னா நீச்சலடிக்க விடுவியா? தண்ணியக் குடிச்சு உப்பிப்போயிருக்கும். இதுல பல்லு கட்டுனா உங்கக்கா வாயில நிக்காது, மைக்ல போய் ஒட்டிக்கும். திரும்ப அச்சு எடுத்துட்டு வா, போ!"

மணி பன்னிரண்டரை. போய், எடுத்து, திரும்பி வருவது முடியும். ஆனால் அரைமணிக்குத் தன் கையின்மேல் இருந்த நம்பிக்கை, பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாகப் போய்விட்டது.

"அண்ணே, நான் அதைத் தொடவே மாட்டேன். நீங்க வந்து அங்கேயே ஊத்துங்க."

"நானா? எனக்கு இங்க எவ்வளவு வேலை..."

அதற்குள் பிளாஸ்டர் பை பல் கட்டுபவர் மடியிலும், அவரே அரைமணியின் வண்டிப் பின்னிருக்கையிலும் ஏறியாயிற்று. வழிநெடுக அவர் திட்டியதில் பாதியைக் காற்று கொண்டுபோயிற்று.

டாக்டர் சாவியைக் கையில் எடுத்திருந்தார். அரைமணி வாசலை மறித்து நின்றார். தம்பி வந்து கூட்டிப்போவான் என்று அங்கேயே காத்திருந்த அக்கா மறுபடி நாற்காலியில் ஏறி வாயைத் திறந்தார். தம்பியை முறைக்கக் கண் மட்டும் போதுமானதாக இருந்தது. அச்சு வெளியே வந்த மூன்றாம் நிமிடம் பிளாஸ்டர் ஊற்றியாயிற்று. அது இறுகும் முக்கால் மணி நேரம் டாக்டர் சாப்பாட்டை நினைத்துக்கொண்டிருந்தார். அரைமணி சுவரோரம் நடந்து தரையை அளந்தார்.

புதுப் பல் அக்கா வாயில் ஏறிய திங்கட்கிழமை காலை, பேருந்து நிலையத்தில் நடைமேடை மூன்றை அடைத்தாற்போல வண்டியை நிறுத்திவிட்டு, அண்ணாந்து ஒலிபெருக்கியைப் பார்த்தபடி நின்றார் அரைமணி. பையில் எவரோ ஒருவரின் கீழ்வாய், ஈரத்துணிக்குள். இரண்டு பேருந்து வந்து போயின, அறிவிப்பே வரவில்லை. கால் ஆடியது. மேலாளர் பதிவைத் தேடுகிறாரோ?

கரகரவென்று ஒலிபெருக்கி உயிர்பெற்றது.

"நடைமேடை மூன்றில் வண்டியைக் குறுக்கே நிறுத்திவிட்டு வேடிக்கை பார்ப்பவர், உடனே எடுத்துச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்."

ஓர் எழுத்துகூடக் காற்றாகப் போகவில்லை.