யாருக்கும் வராத வைரஸ்

நான் வேலை செய்த லிங்கராஜபுரத்துக் கட்டடத்தை விட்டு மெயின் ரோட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். என் துணிப்பையை மேஸ்திரி ஷெட்டுக்கு வெளியே காலாலேயே தள்ளியிருந்தார்.

“டாக்டரம்மா எனக்குத்தான் போன் பண்ணாங்க. யாருக்கும் வராத வைரஸ் உனக்கு வந்துதாம். இத்தினி பேரு படுக்கிற எடம்டா இது. கெளம்பு.”

“ஜொரம் போயி ரொம்ப நாளாவுதுண்ணே.”

“டிவில வந்தா சொல்லுடா, பாக்குறோம்” என்றான் கூட வேலை செய்த முருகன். எல்லோரும் சிரித்தார்கள்.

எங்களைப் போல இடம் மாறிக்கொண்டே இருப்பவர்கள் ஆஸ்பத்திரியில் மேஸ்திரியின் நம்பரைத்தான் கொடுப்போம். எங்கள் சிம் எப்போது சாகும் என்று தெரியாது. நீங்கள் அப்படிக் கொடுக்காதீர்கள்.

எனக்கு இருமலும் ஜுரமுமாகத்தான் தொடங்கியது. ஒருநாள் செங்கலைத் தலையில் வைத்தபடியே மூச்சுவாங்கி உட்கார்ந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். வழக்கமாகத் தேடும் கிருமி எதுவும் என் சளியில் அகப்படவில்லை. அதனால் மரபணு வரிசைப்படுத்தலுக்கு (வைரஸின் மரபணுவை எழுத்தெழுத்தாகப் படித்து அது எதுவென்று அறிவது) அனுப்பினார்கள். முடிவு வருவதற்குள் நான் பிழைத்து வேலைக்கும் திரும்பியிருந்தேன்.

பையோடு நேராக டாக்டரிடம் போனேன். அவர் முகத்தில் சந்தோஷம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“இது ரொம்ப அபூர்வம். இன்னொரு தடவ மூக்குல சாம்பிள் எடுத்துக்கலாமா?”

“எதுக்கு மேடம்? எனக்கு மருந்து குடுப்பீங்களா?”

“உங்களுக்குத் தேவையில்ல, சரியாயிடுச்சு. அடுத்து வர்றவங்களுக்கு உதவும்.”

“மேஸ்திரி என்னைத் தொரத்திட்டாரு.”

“ஐயோ, போன்ல அவரு ‘நம்ம ஆளுதான்’னாரு. உங்க வீட்டு ஆளுன்னு நெனச்சுச் சொல்லிட்டேன்.”

“என்னால யாருக்கும் வராதுன்னு அவருகிட்ட சொல்லுங்க.”

அங்கேயே போன் செய்தார். இனி ஒட்டாது, பயப்பட ஒன்றுமில்லை என்று பொறுமையாக விளக்கினார். மேஸ்திரி பணிவாகப் பேசியது எனக்கும் கேட்டது.

“சரிங்க மேடம். ஆனா அவன் எடத்துக்கு வேற ஆளு வந்தாச்சு.”

டாக்டர் சாம்பிள் எடுக்கும் குச்சியைக் கையில் எடுத்தார். நான் மூக்கைக் காட்டாமல் எழுந்து வந்தேன். இன்றுவரை அதற்கு வருந்தவில்லை. வேறு வேலை தேடி ஆனேக்கல் பஸ் ஏறினேன்.

மறுநாள் காலை அங்கே புதிதாகப் போட்ட கான்கிரீட் மேல்தளத்துக்குத் தண்ணீர் விடும் வேலை கிடைத்தது. முன்பெல்லாம் ஒரே ஓட்டமாக ஏணி ஏறியவன் நான். இப்போது நெஞ்சு எப்போது விடுகிறதோ அப்போதுதான் அடுத்த படி.

“யோவ், ஏறுறியா, தூங்குறியா?” என்று கீழேயிருந்து கத்தினார்கள்.

பதில் சொல்ல மூச்சு வேண்டும். அதை அடுத்த படிக்கு வைத்துக்கொண்டேன்.