சட்டுன்னு ஒரு டீ

ஹாலிஃபாக்ஸ் நகரில் பஸ் ஓட்டும் வில்ஃப்ரெட்டுக்கு எல்லாமே 'சட்டுன்னு'தான். ஞாயிறு மதியம் "சட்டுன்னு ஒரு டீ" என்று ஈனிட் வீட்டுக்குள் நுழைந்தால், தெருவிளக்கு எரிந்த பிறகுதான் எழுந்திருப்பார். கணவரை இழந்த ஈனிட்டும் கடிகாரத்தைப் பார்த்ததில்லை.

அன்று புது டை கட்டி வந்தவர் வாசலிலேயே நின்றார்.

"சட்டுன்னு ஒரு கேள்வி, ஈனிட். என்னைக் கட்டிக்கிறியா?"

"இதைக் கேக்க இத்தனை வருஷமாப்பா? சரி, சட்டுன்னு யோசிச்சுச் சொல்றேன்."

அந்தச் 'சட்டுன்னு' எவ்வளவு நீளம் என்று வில்ஃப்ரெட்டுக்குத் தெரியாதா? மேல்கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, கெட்டிலில் தண்ணீர் பிடித்தார்.

"மூணாவது டீக்குள்ளயாவது சொல்லிடுவியா?"

"முதல்ல பிஸ்கட்டை எடு," என்றார் ஈனிட், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "இனிமே இந்த வீட்ல எது எங்க இருக்குன்னு உனக்குத் தெரிய வேணாமா?"